நடமாடும் வீட்டின் மின்பிறப்பாக்கி

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து திரிகின்றது. மனிதனுக்கும் அத்தகைய ஆசை நெடுங்காலமாக உண்டு. மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டி, அதற்குள் பாயும் பானையும் வைத்துக்கொண்டு யாத்திரை போனவர்கள் அவ்வாசையின் முதற்படியில் நின்றவர்களே. மோட்டார் யுகத்தில் அவ்வாசை 'காம்பர் வான்' என்னும் உருவம் பெற்றது. 'கம்பர் வான்' என்று உச்சரிப்போரும் உளர்; கவிச்சக்கரவர்த்திக்கும் இவ்வண்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

மடித்து விரிக்கும் படுக்கை, சிறிய அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்பெட்டி, இரவில் வாசிப்பதற்கு ஒரு விளக்கு என இவ்வளவையும் ஒரு வானுக்குள் அடக்கிவிட்டால் அது வீட்டு வண்டியாகிவிடும். இவ்வகையில் உலகெங்கும் பெயர் பெற்றது ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் வான். ஒல்லாந்து நாட்டு வியாபாரியான பென் பொன் என்பவர் 1947ஆம் ஆண்டிற் குறிப்புப் புத்தகத்தில் வரைந்த ஒரு சிறு படமே அதற்கு வித்து. 1950ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வொல்ஃப்ஸ்பேர்க் நகரில் அதன் உற்பத்தி தொடங்கிற்று. 1956இல் அவ்வேலை ஹனோவர் நகருக்கு மாறிற்று. வெஸ்ற்ஃபாலியா என்னும் நிறுவனம் அந்த வானுக்குள் வீட்டுத் தளபாடங்களைப் பொருத்திக் கொடுத்தது. காற்றாற் குளிரும் இயந்திரத்தைப் பின்புறத்திற் கொண்ட அவ்வண்டியின் இரண்டாந் தலைமுறை, ஜேர்மனியில் 1979 வரையில் உற்பத்தி செய்யப்பட்டது. பிரேசில் நாட்டிலோ அதன் வழிவந்த வண்டி 2013 வரையில் உற்பத்தியாயிற்று. அரை நூற்றாண்டு கடந்த அவ்வான்கள் பல இன்றும் ஐரோப்பிய வீதிகளில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவோர் பெரும்பாலும் தாமே திருத்திக்கொள்பவர்கள். அவர்களைப் பலமுறை வீதியோரத்தில் நிறுத்திவைக்கும் உறுப்பு ஒன்றைப் பற்றியதே இப்பேச்சு.

அவ்வுறுப்பு மின்பிறப்பாக்கி. வண்டி ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்கிப் பற்றரிக்கு ஊட்டுவது அதன் தொழில். பழைய வான்களில் இருந்தது தைனமோ. ஆரம்பகால வான்கள் 6 வோல்ற்றில் இயங்கின. 1960களின் பிற்பகுதியில் 12 வோல்ற்று வந்தது. மாற்றத்தின் காரணம் எளிய கணக்கு. முன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 90 வாற்று கொள்ளுமாயின், 6 வோல்ற்றில் அவற்றுக்கு 15 அம்பியர் ஓட்டம் வேண்டும். 12 வோல்ற்றில் ஏழரை அம்பியர் போதும். ஓட்டம் பாதியானால் கம்பியிலும் இணைப்புக்களிலும் வீணாகும் வெப்பம் நாலில் ஒன்றாகிவிடும். பின்னர் 1970களின் முற்பகுதியில் தைனமோவின் இடத்தை ஆடலோட்ட மின்பிறப்பாக்கி பிடித்துக்கொண்டது. திருத்துவோர் 'ஒல்டனேற்றர்' என்று வழங்குவது இதனையே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? தைனமோவிற் காந்தம் அசையாது நிற்க, மின்பிறக்கும் கம்பிச்சுருள் சுழலும். பிறந்த மின்னோட்டம் முழுவதும், செப்புத் துண்டுகளாலான திசைமாற்றியின் மேல் உரசி நிற்கும் கரித்தூரிகைகளின் வழியாகவே வெளியே வரவேண்டும். முப்பது அம்பியர் ஓட்டம் உரசும் கரியின் வழியே போவதாயிற் கரி தேயும், செப்புத் தேயும், பொறி பறக்கும். ஆடலோட்ட மின்பிறப்பாக்கியில் நிலைமை தலைகீழ். அங்கே காந்தம் சுழலும். மின்பிறக்கும் சுருள்கள் மூன்று தொகுதிகளாக ஓட்டில் அசையாது நிற்கும். கரித்தூரிகைகள் காந்தத்தை ஊக்குவதற்கு வேண்டிய சில அம்பியர் ஓட்டத்தை மட்டும் கடத்துகின்றன. ஆகவே அவை பல்லாண்டுகள் உழைக்கும். பிறப்பது ஆடலோட்டம், பற்றரிக்கு வேண்டுவதோ ஒரே திசையிற் பாயும் நேரோட்டம். இம்மாற்றத்தைச் செய்பவை ஒருபுறம் மட்டும் மின்னை விடும் இருவாயிகள், அதாவது டயோட்டுக்கள். பெரியவை ஆறு, அவற்றோடு காந்தத்துக்கு ஊட்டும் சிறியவை மூன்று. காந்தத்தின் வலிமையைக் கூட்டிக் குறைத்து வோல்ற்றளவை 14க்கு அண்மையில் வைத்திருப்பது ஒழுங்காக்கி என்னும் சிறு பெட்டி. தைனமோ இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஒல்டனேற்றர் அவ்வேளையிலும் ஓரளவு தரும். 55 அம்பியர் தரக்கூடியது பழைய வொக்ஸ்வாகன் வான்களிற் பெருவழக்காய் இருந்தது.

சாரதியின் கண்முன்னே ஒரு சிறிய சிவப்பு விளக்கு உண்டு. இது அபாயத்தை அறிவிக்கும் வெறும் அடையாளம் என்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது மின்பிறப்பாக்கியின் வேலையில் நேரடியாகப் பங்குகொள்கின்றது. அதன் ஒரு முனை சாவியின் வழியாகப் பற்றரியோடும், மறுமுனை மின்பிறப்பாக்கியில் 'டி கூட்டல்' எனக் குறித்த முனையோடும் இணைந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் பற்றரியிலிருந்து வரும் ஓட்டம் விளக்கைக் கடந்து காந்தச் சுருளுட் புகும். விளக்கு எரிகின்றது; அதே ஓட்டம் சுழலிக்கு முதற் காந்தத்தையும் கொடுக்கின்றது. இயந்திரம் ஓடத் தொடங்கி மின் பிறந்ததும் விளக்கின் இரு பக்கத்திலும் மின்னழுத்தம் ஒன்றாகிவிடும். மதகின் இரு புறமும் நீர்மட்டம் ஒன்றாய் நிற்கும்போது மதகைத் திறந்தாலும் நீர் ஓடாதல்லவா? அவ்வாறே விளக்கும் அணைகின்றது.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான உண்மை பிறக்கின்றது. சில சதம் பெறுமதியான அச்சிறு குமிழ் எரிந்துபோனால், குறையொன்றுமில்லாத மின்பிறப்பாக்கி வேலை தொடங்காமலே இருந்துவிடவும் கூடும். முதற் காந்தத்தை ஊட்டுவார் இல்லை. உரிமையாளரோ மின்பிறப்பாக்கி செத்துவிட்டது என்று எண்ணிப் பெருந்தொகை கொடுத்துப் புதியதை வாங்கி மாட்டுகின்றார். புதியதும் வேலை செய்வதில்லை! சாவியைத் திருப்பியவுடன் விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பதே சோதனையின் முதற்படி. எரியாவிட்டாற் குமிழ், கம்பி, ஒழுங்காக்கி, தேய்ந்த கரித்தூரிகை ஆகிய நான்கினுள் ஒன்று ஐயத்துக்குரியது. இயந்திரம் ஓடும்போது மங்கலாக எரிந்தால் இருவாயிகளையோ பழைய சாவிப்பெட்டியின் இணைப்புக்களையோ சந்தேகிக்க வேண்டும். சாவியை எடுத்த பின்னரும் மினுங்கினால் இருவாயி ஒன்று மின்னை இருபுறமும் விடுகின்றது என்பது பெரும்பாலும் உறுதி. இரவோடிரவாகப் பற்றரி வறண்டுவிடும்.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென அவ்விளக்குப் பிரகாசமாக எரிந்தால் என்ன செய்வது? இங்கேதான் பெரிய நட்டம் நேர்கின்றது. இவ்விடத்திற் சற்று நின்று கேட்பது நேயர்களுக்குப் பயன்தரும்.

ஒஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள பிரென்னர் கணவாயை நோக்கி ஒரு வான் ஏறிக்கொண்டிருப்பதாகக் கொள்வோம். பின்னால் இரண்டு பிள்ளைகள் நித்திரை. சிவப்பு விளக்கு எரிகின்றது. சாரதி யோசிக்கின்றார்: 'மின்னேற்றம் நின்றுவிட்டது, ஆயினும் பற்றரி நிறைந்திருக்கின்றது, அடுத்த விடுதி சில கிலோமீற்றர் தூரந்தான், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.' வேறு பல மோட்டார் வண்டிகளுக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். 1600 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய வொக்ஸ்வாகன் இயந்திரத்துக்கோ இது யமவாதம். அவ்வியந்திரத்தை நீர் குளிர்விப்பதில்லை. ஒரு பெரிய விசிறி வீசும் காற்றே அதன் உயிர். அவ்விசிறி மின்பிறப்பாக்கியின் அச்சின் மறுமுனையிலேயே பூட்டப்பட்டிருக்கின்றது. மின்பிறப்பாக்கியைச் சுழற்றும் வார் அறுந்தால் மின்னும் நிற்கும், காற்றும் நிற்கும். ஏற்றத்தில் முழுவலிமையோடு உழைக்கும் இயந்திரம் சிறிது நேரத்திலேயே கொதிநிலை கடந்து, எண்ணெய் நீர்த்து, உருளைகள் இறுகி, திருத்த முடியாத நிலைக்குப் போய்விடும். விடுதி அண்மையில் இருப்பதால் விளையும் நன்மை ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தவுடன் வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, பின் மூடியைத் திறந்து வாரைப் பார்ப்பதே செய்யத்தக்கது. வார் அறுந்திருந்தால் மாற்றும் வேலை பத்துப் பதினைந்து நிமிடம்.

அதே உருவமுடைய வேறொரு வானில், 1970களில் வந்த 1700, 1800, 2000 கன சென்ரிமீற்றர் இயந்திரங்களில், அமைப்பு வேறு. அங்கே விசிறி இயந்திரத்தின் வளையச்சின் நுனியிலேயே பூட்டப்பட்டுள்ளது. வார் மின்பிறப்பாக்கியை மட்டும் சுழற்றுகின்றது. வார் அறுந்தாலும் காற்று நிற்பதில்லை. பகல்வேளையாயின், பற்றரியில் உள்ள மின்னைக் கொண்டு நெடுந்தூரம் போய்விடலாம். எனவே வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே காணப்படும் இரண்டு வான்களில் ஒரே சிவப்பு விளக்கு, ஒன்றில் 'உடனே நில்' என்றும் மற்றதில் 'வசதியான இடத்தில் நில்' என்றும் பொருள் தருகின்றது. பழைய வான் ஒன்றை வாங்குபவர் பின் மூடியைத் திறந்து, விசிறி எதிலே பூட்டப்பட்டிருக்கின்றது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். ஐம்பது ஆண்டுகளில் இயந்திரம் மாற்றப்பட்டிருக்கவும் கூடுமாதலாற் பதிவுப் பத்திரத்தை மாத்திரம் நம்புவது போதாது.

வாரின் இறுக்கத்தை அறிவதற்குக் கருவி வேண்டியதில்லை. இரண்டு கப்பிகளுக்கும் நடுவிற் பெருவிரலால் அழுத்தினால், 1600 இயந்திரத்தில் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் தாழவேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும்; மிக இறுகினால் மின்பிறப்பாக்கியின் குண்டுப்போதிகைகள் தேயும். இவ்வியந்திரத்தில் இறுக்கும் முறை விசித்திரமானது. மேற்கப்பி இரண்டு பாதிகளாலானது. அப்பாதிகளுக்கு இடையே மெல்லிய உலோகத் தட்டுக்கள் இருக்கும். தட்டு ஒன்றை இடையிலிருந்து எடுத்தாற் பாதிகள் நெருங்கும். வார் மேலே ஏறி இறுகும். எடுத்த தட்டை எறிந்துவிடலாகாது; அதே அச்சில், வெளிப்புறத்திற் சுரையின் கீழ் வைக்கவேண்டும். அடுத்த புதிய வாருக்கு அது மீண்டும் தேவைப்படும். முன்பு இருந்தவர் எறிந்துவிட்டபடியால் வாரைச் சரிசெய்ய வழியின்றி அல்லற்படுவோர் எத்தனையோ பேர். மற்றைய இயந்திரத்தில் மின்பிறப்பாக்கியையே சற்று நகர்த்தி இறுக்குவது முறை.

வார் சரியாக இருந்தும் பற்றரி நிறையவில்லையாயின், அடுத்துக் கையில் எடுக்கவேண்டியது வோல்ற்றுமானி. இயந்திரம் நின்று சில மணிநேரம் கழிந்தபின் நிறைந்த பற்றரி 12.6 வோல்ற்று காட்டும், 12.2 என்றாற் பாதிதான் உண்டு. இயந்திரத்தை ஓட்டிச் சற்று வேகமாக்கியதும் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்பது நலம். 15ஐக் கடந்தால் ஒழுங்காக்கி கெட்டுவிட்டது. பற்றரியிலுள்ள அமிலம் கொதித்து வற்றும். குமிழ்கள் ஒவ்வொன்றாய் எரிந்துபோகும். அளவு 13ஐ எட்டாவிட்டாலும் மின்பிறப்பாக்கியை உடனே குற்றவாளியாக்கிவிடக் கூடாது. முன் விளக்குகளை எரியவிட்டு, மின்பிறப்பாக்கியின் நேர்முனைக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையே மானியை வைத்துப் பார்க்கலாம். அரை வோல்ற்றுக்கு மேற் காட்டுமாயின், பிறந்த மின்சாரம் வழியிலே களவு போகின்றது என்று பொருள். களவு செய்வது துருப்பிடித்த இணைப்பு அல்லது உள்ளே அறுந்துவரும் கம்பி.

நிலத்தொடுப்பு என்பது இன்னும் மறைவான எதிரி. இயந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் இறப்பர்த் தாங்கிகளின் மேல் இருப்பதால் அவற்றுக்கும் வண்டியின் உடலுக்கும் மின்தொடர்பு இல்லை. பின்னிய செப்பு நாடா ஒன்று பற்சக்கரப் பெட்டியின் முன்முனையை உடலோடு இணைக்கின்றது. வண்டியின் அடியிற் சேறும் உப்புநீரும் படும் இடத்தில் இருப்பதால் அது மெல்ல மெல்ல இற்றுப்போகும். பனிக்காலத்தில் வீதியில் உப்புத் தூவும் நாடுகளில் இது இன்னும் விரைவு. அது அறுந்த பின், வண்டியைக் கிளப்பும் பெரும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வேறு வழி தேடி, வேகமுடுக்கியின் மெல்லிய கம்பிவடத்தின் வழியே பாய்ந்து அதனைச் சுட்டுவிடுவதும் உண்டு. இயந்திரத்தின் ஓட்டுக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் இடையே கால் வோல்ற்றுக்கு மேற் காட்டினால் அந்நாடாவைக் கழற்றி, இரு முனையும் உலோகம் மின்னும்படி சுரண்டிப் பூட்டவேண்டும். பெரும்பாலான 'மின்பிறப்பாக்கிக் கோளாறுகள்' இவ்விடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன.

இவையெல்லாம் பார்த்த பின்னும் குறை தீராவிட்டால் மின்பிறப்பாக்கியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றுமுன் பற்றரியின் மறைமுனையை விடுவிக்க மறத்தலாகாது. மின்பிறப்பாக்கியின் பெரிய கம்பியில் எந்நேரமும் மின் உண்டு. அது இரும்பிற் பட்டால் திருகுசாவியே பழுக்கக் காய்ந்துவிடும். முதலிற் பார்க்கத்தக்கவை கரித்தூரிகைகள். மிகத் தேய்ந்திருந்தாற் புதியவற்றை ஈயப்பற்று வைத்துப் பூட்டலாம். அவை உரசும் இரண்டு செப்பு வளையங்களையும் மெல்லிய மினுக்குத்தாளாற் சுத்தம் செய்யவேண்டும். வளையங்கள் இரண்டுக்கும் இடையே தடையை அளந்தால் மூன்று நான்கு ஓம் இருக்கும். வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே தொடர்பே இருக்கலாகாது. இருவாயிகள் ஒவ்வொன்றும் ஒருபுறம் மட்டும் மின்னை விடுகின்றனவா என்று சோதிக்கவேண்டும். பழுதான இருவாயியை மாற்றும்போது அதன் காலை நீள்மூக்குக் குறட்டாற் பிடித்துக்கொண்டு பற்றுவைப்பது பழைய கைவினைஞர் கண்ட முறை; வெப்பம் குறட்டில் இறங்கிவிட, புதிய இருவாயி பிழைக்கின்றது. அச்சைக் கையாற் சுழற்றும்போது கரகரவென்று ஒலித்தாற் குண்டுப்போதிகைகளை மாற்றுவது நலம். 1700 முதல் 2000 வரையான இயந்திரங்களில் மின்பிறப்பாக்கிக்குக் குளிர்காற்றுக் கொண்டுவரும் ஒரு குழாய் உண்டு. மீண்டும் பூட்டுபவர் அது தேவையற்றது போலத் தோன்றுவதால் விட்டுவிடுவதும், திருத்திய மின்பிறப்பாக்கி அடுத்த கோடையிலே வெந்துபோவதும் நடப்பதுண்டு.

பழைய தைனமோவோடு பழகிய திருத்துநர் சிலரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இயந்திரம் ஓடும்போதே பற்றரியின் கம்பியைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடுகின்றதா என்று பார்ப்பர். ஒல்டனேற்றரிடம் இவ்வழக்கம் கொலைக்கு ஒப்பானது. சுமையை உள்வாங்கும் பற்றரி அகன்ற கணத்தில் வோல்ற்றளவு பன்மடங்கு துள்ளி, இருவாயிகளையும் ஒழுங்காக்கியையும் எரித்துவிடும். சோதனையே நோயாகிவிடும். பற்றரியை முனை மாற்றிப் பூட்டுவதும் அவ்வாறே. வண்டியின் உடலில் மின்னொட்டு வேலை செய்யுமுன்னும் பற்றரியையும் மின்பிறப்பாக்கியையும் கழற்றிவிடல் வேண்டும்.

இனி வீட்டின் பக்கம் வருவோம். இரவில் விளக்கு, குளிர்பெட்டி, நீர் இறைக்கும் சிறு பம்பி ஆகியவற்றுக்கு இரண்டாவது பற்றரி ஒன்றைப் பலர் வைத்துக்கொள்கின்றனர். வண்டியைக் கிளப்பும் பற்றரியோடு அதனை நிரந்தரமாக இணைத்துவிட்டாற் காலையில் இரண்டுமே வறண்டிருக்கும். இதற்குப் பரிகாரம் ஒரு தொடுப்பி, அதாவது ரிலே. அது சிவப்பு விளக்குக்குப் போகும் அதே 'டி கூட்டல்' முனையிலிருந்து இயங்குவது. மின் பிறக்கும்போது மட்டும் இரண்டு பற்றரிகளையும் இணைத்து, இயந்திரம் நின்றதும் பிரித்துவிடும். இங்கும் கணக்குப் பார்ப்பது அவசியம். இரவு ஓட்டத்தில் முன் விளக்கு, தீப்பொறி, துடைப்பான் எல்லாம் சேர்ந்து இருபது அம்பியர் அளவில் எடுத்துக்கொள்ளும். குளிர்பெட்டி ஏழெட்டு. மீதியே இரண்டாவது பற்றரிக்கு. 55 அம்பியர் என்பது மின்பிறப்பாக்கி வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. நின்ற இடத்தில் இயந்திரத்தை மெதுவாக ஓட்டிப் பற்றரியை நிரப்ப முயல்வது எண்ணெயை வீணாக்குவதே.

அண்மைக் காலத்தில் இலிதியம் பற்றரிகளைப் பழைய வான்களிற் பொருத்துவோர் பெருகியுள்ளனர். அவை எடை குறைந்தவை, நெடுங்காலம் உழைப்பவை. ஆயின் அவற்றின் பசி பெரிது. ஈயப் பற்றரி நிறைய நிறைய மின்னை வாங்குவதைத் தானே குறைத்துக்கொள்ளும். இலிதியம் கடைசி வரை வாரி விழுங்கும். அதற்கென அமையாத பழைய மின்பிறப்பாக்கி மணிக்கணக்காக முழுவலிமையோடு உழைத்துச் சூடேறிச் சுருள்கள் கருகிவிடும். இடையே ஓட்டத்தை அளவோடு விடும் மின்னேற்றி ஒன்றைப் பொருத்தினால் இத்தீங்கு இல்லை. 55 அம்பியர் மின்பிறப்பாக்கிக்கு 20 அம்பியர் அளவில் எடுக்கும் மின்னேற்றி பொருத்தமானது.

நெடும்பயணம் போகும் வானின் ஆசனத்தின் கீழ் ஒரு தகரப்பெட்டி இருக்கட்டும். அதனுள் புதிய வார் ஒன்று, கப்பிச் சுரையைக் கழற்றும் 21 மில்லிமீற்றர்த் திருகுசாவி, நீண்ட திருகாணிச் செலுத்தி, ஒரு சோடி கரித்தூரிகை, மலிவான வோல்ற்றுமானி ஒன்று, அந்தச் சிவப்பு விளக்கின் குமிழ் இரண்டு. கழற்றிய பழைய வாரையும் எறியாமல் அதனுள்ளேயே சுருட்டி வைக்கலாம்; முற்றாக அறாத பழைய வார், புதியதும் அறுந்த இரவில் அடுத்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.